ஊரில் ஆடாத ஊர் அணி

மும்பை டைட்டன்ஸ் என்றொரு கூடைப்பந்து அணி உண்டு. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே பூ கட்டுகிறவரிடம் அதைப் பற்றிக் கேட்டால், ஐ.பி.எல்.லில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்களா என்று திருப்பிக் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு ஐ.என்.பி.எல். என்ற லீகின் ஐவர் ஆட்டத் தொடரைத் தொடங்கியபோது ஆறு நகரங்களின் பெயரில் ஆறு அணிகள் இறங்கின. சென்னை ஹீட், பெங்களூரு கிங்ஸ், கொச்சி டைகர்ஸ், டெல்லி டிரிப்ளர்ஸ், சண்டிகர் வாரியர்ஸ், அப்புறம் நம் டைட்டன்ஸ். முதல் சுற்று கொச்சியில். அடுத்தது ஜெய்ப்பூரில். மூன்றாவது புனேயில். 2023 ஜனவரியில் கடைசிச் சுற்று பெங்களூரில். டைட்டன்ஸ் மும்பைக்கு ஆக அருகில் வந்தது புனே வரைக்கும்தான், அதாவது டெக்கான் குயினில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்.

சொந்த ஊர்க் கோயில் தேர் பக்கத்து ஊர் வீதிகளில் மட்டும் ஓடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்த சீசன்.

எனக்கு ஒரு நண்பர். தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்து, ரயில்வேயில் சேர்ந்து, இப்போது செம்பூரில் வீடு வாங்கியிருப்பவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில். ஆனாலும் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. கொச்சி ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது போன் செய்தார்.

"என்ன அண்ணாச்சி, மும்பை டீமுங்கானுவ, மும்பைல ஒரு மேட்ச் கூட கெடையாதுங்கானுவ. பின்ன எதுக்கு பேரு?"

எதற்குப் பெயர் என்று நானும் யோசித்தேன். நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஆறு அணிகளையும் ஒரே ஊரில் ஒரே ஹோட்டல் வட்டாரத்தில் தங்க வைத்து, ஒரே மரத்தளத்தில் நாளுக்கு மூன்று ஆட்டம் நடத்தினால் செலவு பாதிக்குப் பாதி குறையும். கேமராக்களைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. மும்பையில் குளிரூட்டிய உள்ளரங்கம் ஒன்றை ஒரு வாரம் வாடகைக்குப் பிடிப்பது சின்ன விஷயமும் இல்லை. புது லீக், கையிருப்பு அளவானது, சரி. ஆனால் 2025 தொடக்கத்தில் அதே லீக் வேறு வடிவத்தில் திரும்பி வந்தபோது ஆட்டங்கள் டெல்லியின் தியாகராஜ் உள்ளரங்கத்துக்குப் போய்விட்டன. (அரங்கத்தின் பெயரைக் கேட்டால் மாட்டுங்கா மாமாக்கள் பஞ்சரத்ன ஞாபகத்தில் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள். அத்தோடு சரி.) அப்போதும் மும்பை டைட்டன்ஸ் இருந்தது. அப்போதும் மும்பைக்கு வரவில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், கூடைப்பந்துக்கு ஊர்ப்பற்று எப்படி உண்டாகிறது என்று பாடம் நடத்தத் தகுதியுள்ள நகரம் மும்பை. நாக்பாடாவுக்குப் போனால் பச்சூ கான் மாநகராட்சி மைதானம் இருக்கிறது. சுற்றிலும் பழைய கட்டடங்கள். நல்ல ஆட்டம் என்றால் ஜன்னல்களும் பால்கனிகளும் கேலரி ஆகிவிடும். சிமெண்ட் தரையில் விழுந்தால் முட்டி தோல் உரியும், எழுந்து ஆட வேண்டியதுதான். அங்கே உள்ள சங்கத்தின் பெயர் நாக்பாடா பேஸ்கட்பால் அசோசியேஷன். சுருக்கிச் சொன்னால் என்.பி.ஏ. அமெரிக்க என்.பி.ஏ. மும்பையில் ஆபீஸ் திறந்தது 2011-இல்தான். நாக்பாடாப் பையன்கள் அதற்குப் பல்லாண்டுக்கு முன்பே தங்களை என்.பி.ஏ.காரர்கள் என்று சொல்லித் திரிந்தவர்கள். இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 1970-இல் அர்ஜுனா விருது வாங்கிய அப்பாஸ் முன்தஸிர் இந்த மண்ணின் ஆள். அந்தப் பேட்டையில் அவர் பெயரை இன்றைக்கும் சொந்தச் சித்தப்பாவைச் சொல்வது போலத்தான் சொல்கிறார்கள்.

மாட்டுங்காவின் கதை கொஞ்சம் நாசூக்கானது. டான் போஸ்கோ பள்ளியில் சாவியோ கோப்பை, இந்தியன் ஜிம்கானாவில் மாலை நேர ஆட்டங்கள். டியூஷனுக்குப் போகிற வழியில் பையன்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். நாங்களும் பார்த்தோம். வீட்டில் மாத்ஸ், சயின்ஸ், ஐ.ஐ.டி. என்று அடித்துக்கொள்ளும் காலம், பந்தைக் கையில் எடுத்தால் "அது சோறு போடுமா?" என்ற கேள்வி தயாராக இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ், குஜராத்தி, கொங்கணி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இந்தியில் கத்திக்கொண்டு ஆடுவார்கள். கிங்ஸ் சர்க்கிளில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த பையன் நாக்பாடாவில் கபாப் சாப்பிட்டுவிட்டு வந்த பையனைத் தோளோடு இடித்து ரீபவுண்ட் பிடிப்பதைப் பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது. ஜூன் பிறந்து மழை இறங்கியதும் எல்லாம் நின்றுவிடும். செப்டம்பர் கடைசியில் தரை காய்ந்ததும் யாரும் சொல்லாமலே ஆட்டம் திரும்ப ஆரம்பித்துவிடும். எங்களுக்கு சீசன் என்றால் அதுதான்.

பணம் போட்டுப் பார்த்தவர்கள் ஐ.என்.பி.எல்.லுக்கு முன்பும் இருந்தார்கள். 2015-இல் அமெரிக்கர்கள் சிலர் யு.பி.ஏ. என்று ஒரு லீகைக் கொண்டுவந்தார்கள். அதிலும் மும்பைக்கு ஓர் அணி, மும்பை சேலஞ்சர்ஸ். சென்னைக்கு சென்னை ஸ்லாம். நாலு சீசன் ஓடியது; 2017-க்குப் பிறகு சத்தமில்லை. 2019 அக்டோபரில் அசல் என்.பி.ஏ.வே வொர்லிக்கு வந்து இறங்கியது. சாக்ரமெண்டோ கிங்ஸும் இண்டியானா பேஸர்ஸும் என்.எஸ்.சி.ஐ. டோமில் இரண்டு நாள் ஆடின. கிங்ஸ் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர் என்பதால் அவருக்கு அது கிட்டத்தட்ட ஊர்த் திருவிழா. முதல் நாள் அரங்கு நிறையப் பள்ளிக் குழந்தைகள். அன்று ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் பேஸர்ஸ் 132–131 என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. யார் ஜெயித்தால் என்ன, பந்து வளையத்துக்குள் விழுந்தபோதெல்லாம் கத்திய குழந்தைகள் எந்த அணியின் பக்கமும் இல்லை. அது ஒரு சுகமான கூச்சல்தான். ஆனால் மூன்றாம் நாள் அதில் எதுவும் மிச்சமில்லை.

அதே டோமில் 2015 ஆகஸ்டில் யு மும்பா பெங்களூரு புல்ஸை வீழ்த்தி ப்ரோ கபடிக் கோப்பையைத் தூக்கியது. ப்ரோ கபடியும் அப்போது ஊர் ஊராகச் சுற்றிய லீக்தான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் சில நாள் தங்கி, அந்த ஊர் அணியை அந்த ஊர்க்காரர்கள் முன்னால் நிறுத்தியது. லால்பாக், பரேல் தெருக்களில் கபடி ஆடி வளர்ந்த பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வொர்லிக்குப் போய்ச் சொந்த அணியின் ஆளை வாயாரத் திட்டினார்கள். நேரில் போய்த் திட்ட முடிந்தால்தான் அது நம் அணி. போன் திரையைத் திட்டுவதில் அந்த ருசி கிடையாது.

முதல் ஐ.என்.பி.எல். சீசனை நானும் நண்பரும் போனில்தான் தொடர்ந்தோம், அவர் செம்பூரில், நான் மாட்டுங்காவில். சென்னை ஹீட்டும் மும்பை டைட்டன்ஸும் மோதினால் யார் பக்கம் என்ற கேள்வி வந்தது. கிரிக்கெட்டில் இந்தப் பஞ்சாயத்து எப்போதோ முடிந்துவிட்டது. மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் அப்பா மஞ்சள், பிள்ளை நீலம், நடுவில் அம்மா இரண்டு பேருக்கும் காபி போடுவாள். கூடைப்பந்தில் அப்படி ஒரு சண்டைகூட வரவில்லை. சண்டை போடவும் கொஞ்சம் பரிச்சயம் வேண்டியிருக்கிறது. நண்பர் ஒருவழியாகச் சென்னைப் பக்கம் சாய்ந்தார். அவர் ஆயுளில் சென்னையில் இருந்த நாட்களை எண்ணினால் கைவிரல்கள் போதும். ஊருக்குப் போகும்போதும் தாதரில் ஏறினால் நெல்லைப் பக்கம்தான் இறங்குவார். நான் அதைச் சொல்லிக் காட்டினேன்.

"பேரு மட்டும் போதும்னா அந்த டீமும் மும்பைதான, அண்ணாச்சி. நானும் திருநவேலிதான்" என்றார்.

சிரித்தேன், ஆனால் அந்தப் பேச்சு கொஞ்ச நாள் உள்ளே உருண்டுகொண்டிருந்தது. தாராவியில் மூன்று தலைமுறையாக இருந்தும் கல்யாணப் பத்திரிகையில் நாங்குநேரி வட்டமோ ராதாபுரம் வட்டமோ அச்சடிப்பவர்களை எனக்குத் தெரியும். என் வீட்டிலும் குலதெய்வம் காவிரிக் கரையில், ரேஷன் கார்டு கிங்ஸ் சர்க்கிளில். ஊரில் இல்லாமலே ஊர்ப்பெயரைச் சுமப்பது எங்களுக்கு வாடிக்கை. ஒரு வித்தியாசம் உண்டு. கொடைக்கு ஒருமுறை, சாவுக்கு ஒருமுறை என்றாவது நாங்கள் போய்த் தலைகாட்டிவிடுகிறோம்.

கோப்பை சென்னை ஹீட்டுக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை. தமிழ்நாட்டில் கூடைப்பந்து வேறு மாதிரி வேரோடியிருக்கிறது. பெரியகுளம், கரூர், கோயம்புத்தூர் என்று பெருநகரம் அல்லாத ஊர்களில் அகில இந்தியப் போட்டிகள் கோடைதோறும் மின்விளக்கில் நடக்கும். வங்கி அணிகளும் ரயில்வே அணிகளும் வந்து ஆடும். ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும். பெரியகுளத்துத் தாத்தா ஒருவருக்கு டபுள் டிரிபிள் எது, டிராவல் எது என்று அத்துப்படியாக இருக்கும். அந்தக் கூட்டத்தின் முன்னால் ஆடி வளர்ந்த கை லீகில் நடுங்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லீக்காரர்கள் 'தொழில்முறை' என்று சொல்கிறார்கள், ஆனால் இந்தியாவில் கூடைப்பந்து வீரர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் தருவது ரயில்வே, வங்கி, ஓ.என்.ஜி.சி., ராணுவம் என்று வேறு ஒரு மேஜை. தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய விசேஷ் பிருகுவன்ஷியே ஓ.என்.ஜி.சி. ஊழியர்தான். 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரையை வளர்த்தது தெற்கு ரயில்வே. லீக் சில வாரம். வேலை அறுபது வயது வரை. மும்பையிலும் மத்திய ரயில்வே, மேற்கு ரயில்வே, மஹிந்திரா அணிகள்தான் பல வீட்டு அடுப்பை எரிய வைத்தன. ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற இரண்டு சொல் இல்லாவிட்டால் இந்த நாட்டில் பாதிப் பந்துகள் காற்றிறங்கிக் கிடந்திருக்கும். 'சோறு போடுமா' என்ற கேள்விக்கு அன்றைக்கு எங்கள் வீட்டில் யாராவது இதைப் பதிலாகச் சொல்லியிருக்கலாம்.

தாராவியில் இந்தப் பதிலைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இல்லாதது இடம். கூடைப்பந்துத் தளத்தின் அளவு 28 மீட்டருக்கு 15 மீட்டர், ஆக 420 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 4,500 சதுர அடி. பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம் வாழும் ஊரில் அது நாற்பத்தைந்து குடும்பங்களின் இடம். சுமார் 2.4 சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர் நெருங்கிக் கிடக்கும்போது, பந்தைத் தட்ட அவ்வளவு வெற்றிடம் விடு என்று யார் வாய் திறந்து கேட்பது? கிரிக்கெட் சந்துக்குள் புகுந்துகொள்ளும், கபடிக்கு ஒரு முற்றம் போதும். கூடைப்பந்துக்கு மட்டும் பத்தடி உயரத்தில் ஒரு வளையமும், மேலே மின்கம்பி தொங்காத வானமும் வேண்டும். அதனால் தாராவிப் பிள்ளைகள் ரயில் பாதையைத் தாண்டி மாட்டுங்கா பக்கம் வர வேண்டியிருக்கிறது. யாருடைய மைதானம், எத்தனை மணிக்குக் கேட் திறப்பார்கள், வாட்ச்மேன் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் மனப்பாடம்.

நண்பரின் மகளும் அப்படித்தான் ஆடக் கற்றாள். அவர்கள் செம்பூருக்கு மாறிய பிறகும் வாரத்தில் சில நாள் ஹார்பர் லைனில் வந்து கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்து போகிறாள். நெட்டையான பெண், அப்பாவின் தோளைத் தாண்டிவிட்டாள். இடது கை லே-அப் இன்னும் சரியாக வரவில்லை என்று கோச் திட்டுகிறாராம். டைட்டன்ஸ் பற்றி அவளிடம் கேட்டேன். ஆண்கள் டீம்தானே அங்கிள் என்று முடித்துவிட்டாள். உண்மைதான். ஐவர் ஆட்ட லீக் ஆண்களுக்கு மட்டுமே நடந்தது. பெண்களுக்கு இடம் கொடுத்தது அதே அமைப்பின் மூவர் ஆட்டத் தொடர்தான். இத்தனைக்கும் தேசியப் பெண்கள் போட்டிகளில் ரயில்வே அணியைப் பார்த்தால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள், அவ்வளவு காலமாக அந்தக் கோப்பை அவர்கள் வீட்டுச் சாமானாக இருக்கிறது. அங்கே ஓர் இடம் என்றால் சம்பளம், பாஸ், குவார்ட்டர்ஸ், பென்ஷன்.

போன வாரம் நண்பர் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே மகளின் சான்றிதழ்கள்: பள்ளி, மாவட்டம், ஒரு மாநில முகாம். எல்லாம் மூன்று மூன்று ஜெராக்ஸ். மேஜையில் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டார்.

"அண்ணாச்சி, அந்த மூணு பேர் லீக்ல புள்ளைய ஆட விட்டா, அவனுவ குடுக்க சர்டிபிகேட்ட ரயில்வேல ஏத்துக்கிடுவானுவளா?"

"நீங்கதானே ரயில்வே. என்னைக் கேட்டால்?"

"நான் சிக்னல்லா, அண்ணாச்சி" என்றார். "நாளைக்கு பெர்சனல் பிராஞ்சுல போயி விசாரிக்கணும். அங்க ஒருத்தன் நம்ம பக்கத்துப் பயதான்."