மாலை போடுவதற்கு முன்பே ஒரு படம்

நம் ஊர்ப்பக்கம் ஒருவர் இறந்துவிட்டால் வீட்டில் உடனே தேடுவது போட்டோவைத்தான். பிளக்ஸ் கடைக்கு அனுப்ப வேண்டுமே. பேரன் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். ஏதோ ஒரு கல்யாணத்தில் பத்துப் பேருக்குப் பின்னால் பாதி முகம் கிடைக்கும். கடைசியில் அடையாள அட்டையில் இருக்கும் படத்தைப் பெரிதாக்குவார்கள். எண்பது வருடம் கம்பீரமாக வாழ்ந்த மனுஷி, மிரண்ட முகத்தோடு பஸ் ஸ்டாப் பேனரில் தெரிவார்.

ஓய்வு பெற்றபின் நான் போட்டோ கற்றுக்கொள்வது இதற்காகத்தான். பூவையும் பறவையையும் எடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு எங்கள் தெருப் பெரியவர்களின் முகம் போதும். தனியாகக் கேமரா இல்லை, மகன் கொடுத்த செல்போன்தான்.

"இந்த வயசுலயா சார்?" என்று பழைய மாணவன் ஒருவன் சிரித்தான். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாருக்கு 1863-ல் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு வயது 48. டார்வினையும் டென்னிசனையும் அவர் எடுத்த படங்களை இன்றும் பார்க்கிறோம். கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போய், அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். 1879-ல் அங்கேயே மறைந்தார். அவரைவிட நான் கொஞ்சம் லேட், அவ்வளவுதான்.

வெளிச்சத்துக்குத் திண்ணையை மிஞ்ச ஒன்றுமில்லை. நேர் வெயில் விழாத திண்ணையில் தெருவைப் பார்த்து உட்கார வைத்தால், எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் மெதுவாக விழும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்வேன். நானும் முக்காலி போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்துகொள்வேன்.

கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடும். ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து 2x வைத்தால் முகம் முகமாக இருக்கும். திரையில் கண்ணைத் தொட்டு போக்கஸ் வைக்க வேண்டும். பின்னால் வீட்டு உள்ளிருட்டு இருந்தால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுக்கச் செய்துவிடும். அப்போது பக்கத்தில் வரும் சூரியப் படத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் நம் நிறம் நம் நிறமாகவே வரும். பியூட்டி பில்டரை முதலிலேயே அணைத்துவிடுங்கள். சுருக்கத்தை அழித்தால் அது யாரோ வேறொருவர்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது. கஷ்டம் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான். நம் பெரியவர்களுக்குப் போட்டோ என்றாலே ஸ்டூடியோ ஞாபகம். கையைத் தொடையில் வைத்து, மூச்சைப் பிடித்து, அட்டென்ஷனில் உட்கார்ந்துவிடுவார்கள். "சிரிங்க" என்று சொன்னால் இன்னும் மோசம்.

வகுப்பில் வாய் திறக்காத பையனை, அவனுக்குத் தெரிந்ததைக் கேட்டுத்தான் பேச வைப்போம். அதுவேதான் இங்கும். எங்கள் கோடிவீட்டு ஆத்தாவிடம், "நீங்க வளர்த்த மாடுகள்ல எது ரொம்பச் சேட்டை?" என்று கேட்டேன். பத்து நிமிடம் பேசினார். பேசும்போது எடுத்தால் வாய் கோணும். சொல்லி முடித்து, தனக்குள் அதை இன்னொருமுறை நினைத்துக்கொள்ளும் ஒரு விநாடி வருகிறதே, அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

அதற்கு முன் அவர் ஒன்று கேட்டிருந்தார். "எதுக்குங்க வாத்தியாரே, சாவுக்கு வைக்கிற படமா?"

"பேத்திக்கு அனுப்பத்தான் ஆத்தா" என்றேன். அதுவும் உண்மைதான்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டுக்கும் ஆகற மாதிரியே எடுங்க" என்று சொல்லிவிட்டு, சேலை மாற்ற உள்ளே போனார்.

பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன். தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாராம். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியவரும் கூப்பிட்டிருக்கிறார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. கேள்வியைச் சிலேட்டில் எழுதிக் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.