தண்டனை வேறு, மன்னிப்பு வேறு

பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் வைட்ஃபீல்ட் இன்று சாஃப்ட்வேர் கம்பெனிகளின் ஊர். ஆனால் அது பிறந்தது 1882-ல், மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில், ஆங்கிலோ இந்தியர்களின் குடியிருப்பாக. அதற்காக முயன்ற டி.எஸ். ஒயிட்டின் பெயர்தான் ஊருக்கும். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே சி.எஸ்.ஐ. மெமோரியல் சர்ச் இன்னும் நிற்கிறது. கத்தோலிக்கர்களுக்கு லூர்து மாதா கோயில். எல்லாச் சபையினரும் உட்கார்ந்து பேசுவதற்கென்றே மார்த்தோமா குருவானவர் எம்.ஏ. தாமஸ் 1960-களில் தொடங்கிய எக்குமெனிக்கல் கிறிஸ்டியன் சென்டரும் இங்கேதான்.

உட்கார்ந்து பேசலாம். ஆனால் செத்த பிறகு என்ன ஆகும் என்ற பேச்சு வந்துவிட்டால், தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் வார்த்தைகளே பிரிந்துவிடுகின்றன. சி.எஸ்.ஐ.காரர் இரட்சிப்பு என்பார், நியாயத்தீர்ப்பு என்பார். கத்தோலிக்கர் மீட்பு என்பார். பழைய ஞானோபதேசம் படித்தவராக இருந்தால் ஒவ்வொருவரும் செத்தவுடன் சந்திக்கும் தனித்தீர்வை, உலக முடிவில் எல்லோருக்குமான பொதுத்தீர்வை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார். இரண்டுக்கும் இடையில் அவருக்கு உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் குற்றம் மன்னிக்கப்பட்டாலும் அதன் கறை போக வேண்டும் என்பது கணக்கு. நவம்பர் 2-ம் தேதி கல்லறைகளில் மெழுகுவர்த்தி எரிவதும், செத்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதும் அதனால்தான். இதை வைத்துப் பணம் பண்ணியதை எதிர்த்துத்தான் 1517-ல் லூதர் கிளம்பினார். சிலுவையிலேயே கடன் முழுவதும் தீர்ந்துவிட்டது, செத்தவருக்காக இருப்பவர் செய்ய ஒன்றுமில்லை என்பது பிராட்டஸ்டண்டு வாதம். (அந்த வாதத்தை ஏற்கும் குடும்பங்களிலும் நவம்பர் 2-ல் பூவோடு கல்லறைக்குப் போகிறவர்கள் ஏராளம். பாசம் இறையியல் படிப்பதில்லை.)

இவ்வளவும் சாதாரணச் சாவுகளுக்கு. கொலை என்று வரும்போது கேள்வி வேறு பக்கம் திரும்புகிறது: கொன்றவனுக்கு என்ன?

1999 ஜனவரி 22-ம் தேதி இரவு ஒரிஸாவின் மனோகர்பூரில் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப்பும் டிமோத்தியும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. பாரிபதாவில் கணவரோடு தொழுநோயாளிகள் இல்லத்தை நடத்திவந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். நாடு வாயடைத்துப் போனது. பலர் கவனிக்கத் தவறியது அவர் கூடவே சொன்ன இன்னொன்றை. மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு. தண்டிப்பது சட்டத்தின் வேலை என்றார் அவர். வழக்கு அதன் பாதையில் போனது. தாரா சிங்குக்கு 2003-ல் தூக்கு, 2005-ல் உயர் நீதிமன்றத்தில் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இதற்கு நான்கு வருடம் முன்பு மத்தியப் பிரதேசத்தில் நடந்தது வேறு மாதிரி முடிந்தது. ஏழை விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து மீட்க வேலை செய்த கேரளக் கன்னிகாஸ்திரீ ராணி மரியா, 1995 பிப்ரவரி 25-ம் தேதி பஸ்ஸில் பயணிகள் கண்ணெதிரே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் சமந்தர் சிங். 2002-ல் ராணி மரியாவின் தங்கையான செல்மி பால் — அவரும் கன்னிகாஸ்திரீதான் — சிறைக்குள் போய் அந்தக் கையில் ராக்கி கட்டினார். குடும்பத்தார் அவரை விடுவிக்கவும் மனுப் போட்டார்கள். 2006-ல் வெளியே வந்தார்.

ஒருவர் தண்டனையைச் சட்டத்திடம் விட்டார், மற்றவர்கள் தண்டனையையே குறைக்கக் கேட்டார்கள். இதைச் சபை வித்தியாசம் என்று சுருக்கிவிட முடியாது. இரண்டு வீட்டிலும் ஒரே ஜெபம்: நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கர்த்தர் கற்றுக்கொடுத்தது. அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்பதை தினம் சொல்கிறவர்கள்கூட யோசிப்பதில்லை.

நியாயத்தீர்ப்பு என்றால் பயமுறுத்தல் என்றே வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். தெருமுனைப் பிரசங்கங்களும் அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கின்றன. ஆனால் பறிகொடுத்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு விடுதலை. பழிவாங்குதல் தேவனுடையது என்று பவுல் ரோமருக்கு எழுதினார். கடைசிக் கணக்கைப் பார்க்க வேறொருவர் இருக்கிறார் என்று நம்புகிறவருக்குத்தான் அந்தக் கணக்கைத் தன் தலையில் சுமக்காமல் இறக்கிவைக்க முடியும். மன்னிப்பும் தீர்ப்பும் ஒன்றை ஒன்று வெட்டுவதில்லை. இரண்டாவதை நம்பித்தான் முதலாவது கைகூடுகிறது.

ஆனாலும் ஒரு முள் மிச்சமிருக்கிறது. தாய் தன் இழப்பை மன்னிக்கலாம். ஆறு வயதுப் பையனின் சாவை அவன் சார்பில் மன்னிக்க யாருக்கு அதிகாரம்? தீர்ப்பு நாளில் செத்தவர்கள் எழுவார்கள் என்ற நம்பிக்கையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது: அவர்கள் அங்கே இருப்பார்கள். அங்கேயும் சங்கடம் தீர்வதில்லை. பக்கத்துச் சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்ததாக லூக்கா எழுதுகிறார். அப்படியென்றால் மனம் திரும்பிய கொலைகாரன் உள்ளே. ஞானஸ்நானம் பெறாத நல்ல பக்கத்து வீட்டுக்காரர்? கத்தோலிக்கத் திருச்சபை 1964-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர்களும் மீட்படைய முடியும் என்று எழுதி வைத்தது. பல பிராட்டஸ்டண்டு போதகர்கள் இன்னும் அவ்வளவு தூரம் வரத் தயாரில்லை. விசுவாசத்தால் நீதிமானாவதைப் பற்றி லூத்தரன்களும் வத்திக்கானும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது 1999 அக்டோபர் 31-ல்தான், மனோகர்பூருக்கு ஒன்பது மாதம் கழித்து.

ஸ்டெயின்ஸ் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற இன்னொருவரான மகேந்திர ஹெம்ப்ராம், நன்னடத்தைக்காக 2025 ஏப்ரலில் கியோஞ்சர் சிறையிலிருந்து விடுதலையானார். 2017-ல் ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது. சமந்தர் சிங் உதய்நகரில் இருக்கும் அவர் கல்லறைக்குப் போய் வருகிறவர்.