கட்டியும் ராத்தலும்

ஒரு கட்டி என்பது ஒன்றே முக்கால் அல்ல, ஒன்றரை அல்ல, 4/3 ராத்தல் (பவுண்டு). மலேசியாவின் ராசா, பத்தாங்காலி, கோலகுபுபாரு வட்டாரத்துப் பழைய ரப்பர்க் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் எனக்கு இந்தப் பின்னம்தான் தினசரித் துணை. தோட்டத்தில் நிறுத்தது ராத்தலில், கடையில் விற்றது கட்டியிலும் பிக்குலிலும். நூறு கட்டி ஒரு பிக்குல். அது 400/3 ராத்தல்.

இந்தக் கணக்குக்கு நான் பயன்படுத்துவது ஜே (J) என்ற நிரல்மொழி. கென்னத் ஐவர்சனும் ராஜர் ஹுயியும் 1990இல் உருவாக்கியது. நான்குக்கும் மூன்றுக்கும் நடுவே 'ஆர்' எழுத்தை வைத்தால் போதும், அது பின்னமாகவே நிற்கும். மூன்று பேர் கொண்டுவந்த ரப்பர் 18, இருபத்தொன்றரை, பதினாறே முக்கால் கட்டி என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் ஒரே வரிசையாக எழுதி, முன்னால் +/ போட்டால் 225/4 கட்டி. அதை 4/3ஆல் பெருக்கினால் சரியாக 75 ராத்தல். வரிசையில் மூவருக்குப் பதில் முந்நூறு பேர் இருந்தாலும் எழுதுவது அதே வரிதான். சுழற்சி எழுத வேண்டியதில்லை. 4/3க்குப் பதில் 1.33 என்று எழுதியிருந்தால் 74.8125 வரும். குறைவது மூன்று வீசம் ராத்தல், அதாவது மூன்று அவுன்ஸ். ராத்தல் கணக்கில் காசு வாங்கியவர்களுக்கு அது அவர்களின் உழைப்பு.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஜேயின் ஒரு வரிசையில் எல்லா எண்ணும் ஒரே வகையாகவே இருக்கும். ஒரு மூலையில் 16.75 என்று தசமமாக எழுதிவிட்டால், பக்கத்தில் இருக்கும் பின்னங்கள் எல்லாமே தசமமாகிவிடும். அதனால் கிலோவுக்குப் போகும்போதும் ராத்தலை 0.45359237 என்று எழுதுவதில்லை. 45359237/100000000 என்றே எழுதுகிறேன். கட்டி அப்போது 45359237/75000000 கிலோ. பார்க்க அழகில்லை, ஆனால் துல்லியம். பின்னக் கணக்கு கொஞ்சம் மெதுவாக ஓடும். செக்ரோல் என்ற தோட்டக் கூலிப் பதிவேட்டின் அளவுக்கு அது பொருட்டே இல்லை.

பின்னத்தைப் பின்னமாகவே கையாள்வது நமக்குப் புதிதல்ல. நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் முந்திரி, காணி, மா, கால், அரை என்று பின்ன வாய்பாட்டையே மனப்பாடம் செய்தார்கள். அந்த ஐந்தையும் 1/320, 1/80, 1/20, 1/4, 1/2 என்று வரிசையாகக் கொடுத்துப் பெருக்கல் அட்டவணை கேட்டால், ஜே இருபத்தைந்து கட்டங்களையும் உடனே நிரப்புகிறது. முதல் கட்டத்தில் முந்திரியை முந்திரியால் பெருக்கிய 1/102400. அதுதான் கீழ்முந்திரி.