அடையாளத்துக்கு

எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருப்பவர்களின் பையன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அரசின் விலையில்லாச் சைக்கிள் அவனுக்கும் வந்தது. 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னால் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த திட்டம் அது. நல்ல திட்டம்தான். ஆனால் அவன் பள்ளிக்கு வந்த அத்தனை சைக்கிளும் ஒரே நிறம், ஒரே வார்ப்பு. மாலையில் மணி அடித்ததும் அந்த வரிசையில் தன்னுடையதைத் தேடுவது பெரிய அவஸ்தை. பையன் ஒரு யோசனை செய்தான். பாட்டி கூடை பின்னியதில் மிஞ்சிய பிளாஸ்டிக் வயரில் இரண்டு நிறங்களை எடுத்து ஃபிரேமில் நெருக்கமாகச் சுற்றினான். மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், "எதுக்குடா இது?" என்றேன்.

"அடையாளத்துக்கு மாமா" என்றான்.

மறுநாளே அவிழ்த்துவிட்டான். அந்த இரண்டு நிறமும் யாருடையது என்று பள்ளியில் கேட்டார்களாம். பாட்டியுடையது என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

கேட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, நெற்றிக் குறி கூடாது, சாதியைக் காட்டும்படி வண்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூடாது என்பவையும் அதன் பரிந்துரைகளில் உண்டு. பேப்பரில் படித்த அன்று பாங்கில் சாப்பாட்டு நேரத்தில் நான் இதைப் பலமாக ஆதரித்துப் பேசினேன். ஏதோ தெற்கத்தி வியாதிக்கு மருந்து கிடைத்துவிட்டது என்கிற தோரணையில் பேசினேன் என்று இப்போது நினைவு வருகிறது.

என் அப்பாவின் சைக்கிள் கறுப்பு ஹெர்குலிஸ். உத்திர வீதியிலிருந்து 1976இல் கட்டிய காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருச்சியில் ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்கு எழுதப் போய்வருவார். சைக்கிளின் மேல்பாரில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு சிறு நாமம், பாதத்தோடு. பாதம் இருந்தால் தென்கலை, இல்லாவிட்டால் வடகலை என்பது ஸ்ரீரங்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அந்த ஒரு கோட்டில் அவர் யார், எந்த வீட்டில் பெண் எடுப்பார், எங்கே கை நனைப்பார் எல்லாம் அடக்கம். அதை நான் ஒரு நாளும் அப்படி வாசித்ததில்லை. சுவரில், கதவில், யானையின் நெற்றியில் இருந்தது சைக்கிளிலும் இருந்தது, அவ்வளவுதான்.

பதினாறு வயதில் சைக்கிள் என் கைக்கு வந்தது. முதல் காரியமாக நாமத்தை பிளேடால் சுரண்டினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டிக்கர் விற்கும் ஒருவரிடம் போனேன். ஒரே தட்டில் நாமம், வேல், சிலுவை, 786, நடிகர்கள், சாதித் தலைவர்கள். எல்லாம் ஒரே விலை. அதில் சே குவேராவும் இருந்தார். வாங்கி ஒட்டினேன். என் தனித்துவத்தை அன்று அந்தத் தட்டிலிருந்துதான் பொறுக்கினேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அப்பா குனிந்து பார்த்தார். "யாருடா இவன், புது ஆக்டரா?"

அரைமணி நேரம் அவருக்கு உபந்நியாசம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மழையில நனையாமப் பாத்துக்கோ" என்றார். ஐப்பசி மழைக்கு சே தாங்கவில்லை. நாமம் இருந்த இடத்தில் பிளேடு பட்ட அளவுக்குத் துரு ஏறியது. பாதத்தோடு, அதே வடிவத்தில்.

அடையாளம் என்ற சொல்லை விமர்சனம் எழுதுகிறவர்கள் நாம் இப்போது தாராளமாகப் புழங்குகிறோம். 'சுயம்', 'தனித்துவம்' என்று எழுதிவந்த இடத்தில் அதை வைத்திருக்கிறோம். பையன் சொன்னது பழைய பொருள்: கும்பலில் தன் சாமானைத் தான் கண்டுகொள்ள ஒரு குறி. பிறருக்குச் சொல்ல அதில் அவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் குறியை இட்டவன் நினைத்ததோடு அது நிற்பதில்லை, வாசிக்கிறவன் கைக்குப் போய்விடுகிறது. அர்த்தமே இல்லாத பாட்டியின் வயர் ஒரே நாளில் வாசிக்கப்பட்டது. அத்தனை அர்த்தமும் ஏற்றிய அப்பாவின் நாமம் முப்பது வருஷம் வெறும் பக்தியாகப் பாலத்தைக் கடந்தது. தெருவில் எல்லோரிடமும் இருப்பது குறியாகத் தெரிவதில்லை. அந்தத் தெருவுக்குள் தயங்கி வந்துபோன யாராவது அதை வாசித்திருப்பார்கள். அவர்களில் ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

அறிக்கையை இன்றும் ஆதரிக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பேசினால் மேல்பாரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

போன வாரம் பையனிடம், "இப்ப எப்படிடா கண்டுபிடிக்கிறே?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பூட்டா சாவியப் போட்டுப் பாப்பேன் மாமா. எது திறக்குதோ அது என்னுது."