இறக்கத் தெரிய வேண்டும்

அண்ணன் மாரடைப்பில் போன பிறகு இரவு என்றாலே எனக்குப் பயம். கண் அயரும் நேரத்தில் நெஞ்சு படபடக்கும், கை கால் சில்லிடும், அடுத்தது நான்தான் என்று தோன்றும். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் கோளாறு இல்லை, இது மனப்பதற்றம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் தமிழ் பேசும் வீடுகளுக்குக் குறைவில்லை. இருந்தும் யாரிடமும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாட்களில்தான் குண்டலினி யோகத்துக்கு வந்தேன்.

முதுகுத்தண்டின் அடியில், மூலாதாரத்தில், சுருண்டு உறங்கும் பாம்பு வடிவில் ஒரு சக்தி இருக்கிறது. அதை எழுப்பிச் சுவாதிட்டானம், மணிபூரகம், அனாகதம், விசுத்தி, ஆக்கினை வழியாக உச்சந்தலைக்கு ஏற்றுவதே யோகம் என்பது மரபு. நமக்கு இது திருமூலர் காலத்துச் செய்தி. வங்காளத்துக்கும் பழைய சொத்துதான். ஆறு ஆதாரங்களை விளக்கும் ‘ஷட்சக்ர நிரூபணம்’ 16ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த பூர்ணானந்தர் எழுதியது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1919இல் வெளியிட்டார். குண்டலினி பற்றி மேல்நாடு அறிந்ததில் பெரும்பகுதி அந்த நூல் வழியாகப் போனது.

நான் கற்றது வேதாத்திரி மகரிஷியின் எளியமுறைக் குண்டலினி யோகம். ஊருக்குப் போனபோது ஆழியாறு அறிவுத் திருக்கோயிலில் தீட்சை பெற்றேன். ஆசிரியர் புருவ மத்தியில் விரல் வைத்ததும் அந்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. “எப்போ ஐயா உச்சிக்கு ஏறும்?” என்று ஆவலாகக் கேட்டேன். “ஏத்துறது அப்புறம்மா. முதல்ல இறக்கத் தெரிஞ்சுக்கோங்க” என்றார்.

அதுதான் சாந்தி தவம். ஆக்கினையில் நிற்கும் கவனத்தை மெல்ல மூலாதாரத்துக்குக் கொண்டுவந்து, அங்கே எழும் துடிப்பையோ வெதுவெதுப்பையோ உணர்ந்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். தலையில் பாரம் தெரிந்தாலும், மனம் நிலைகொள்ளாமல் போனாலும் இதைச் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு வாய்த்த மருந்து இதுவே. நடு இரவில் படபடப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து, மூச்சை நிதானப்படுத்தி, கவனத்தைக் கீழே இறக்குவேன். பயம் உடனே ஓடிவிடாது. ஆனால் அது தலைக்கேறி என்னை ஆட்டிவைப்பது நின்றது.

கொல்கத்தா திரும்பியதும் காளிகாட்டில் மெட்ரோ ஏறி தட்சிணேஸ்வரம் போனேன். 1861இல் அங்கே வந்த பைரவி பிராமணியிடம்தான் ஸ்ரீராமகிருஷ்ணர் தந்திர சாதனைகளைக் கற்றார். சக்தி மேலேறும் விதம் ஒரு சமயம் எறும்பு ஊர்வதுபோல், ஒரு சமயம் தவளை தாவுவதுபோல், ஒரு சமயம் பாம்பு வளைந்து போவதுபோல் இருக்கும் என்று சீடர்களிடம் சொன்னவர் அவர். அதே பரமஹம்சர், சமாதிக்குள் போகுமுன் “தண்ணீர் குடிப்பேன்”, “புகையிலை பிடிப்பேன்” என்பது போன்ற சின்ன ஆசைகளைப் பிடித்துக்கொள்வாராம், மனம் மீண்டும் கீழே இறங்கி வர ஒரு பிடி வேண்டும் என்பதற்காக. பூர்ணானந்தரின் நூலிலும் உச்சிக்குப் போன குண்டலினி மூலாதாரத்துக்குத் திரும்பி வருகிறாள். அவ்வளவு பெரியவர்களே இறங்கும் வழியைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். 1937இல் குருவின் துணை இல்லாமல் இந்த அனுபவத்துக்கு ஆட்பட்ட காஷ்மீரி கோபி கிருஷ்ணா, பல ஆண்டுகள் உடலும் மனமும் வெந்து தவித்ததைத் தானே எழுதியிருக்கிறார்.

பலனைப் பற்றி மிகைப்படுத்த எனக்கு மனமில்லை. நிதானமான மூச்சு இதயத் துடிப்பைத் தணித்து நரம்பு மண்டலத்தை அமைதிப் பக்கம் திருப்புகிறது. இது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. தீராப் பதற்றம் உள்ள 226 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. 12 வாரத்தில் குண்டலினி யோகம் செய்தவர்களில் 54 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் அது 33 சதவீதம். எண்ணங்களைச் சீர்செய்யும் உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம். ஆறு மாதம் கழித்தும் உறுதியாக நின்றது அந்தச் சிகிச்சையின் பலன்தான். யோகம் நல்ல துணை, சிகிச்சைக்கு மாற்று அல்ல என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். நானும் டாக்டர் குறைக்கச் சொல்லும்வரை மாத்திரையைக் குறைக்கவில்லை.

என்னைப்போல் தவிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒளி தெரியும், சித்தி கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். இறக்கிவிடத் தெரிந்த ஆசிரியரைத் தேடுங்கள். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பிறகு தினமும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பயத்தோடு மல்லுக்கட்டாமல் அதை வரவிட்டு, தணியவிடும் பழக்கம் தானாக வரும். எனக்கு வந்தது, உங்களுக்கும் வரும் என்று முழு மனதோடு நம்புகிறேன்.