நெல்லுக்குக் கீழ எண்ணெய்

2022இல டீசல் வரிசையில நின்ட ஆக்களுக்கு இந்தக் கதை ஞாபகம் இருக்கும். "மன்னார்க் கடல்ல எண்ணெய் இரிக்காம். எடுத்தா நாமளும் குவைத்துதான்." சம்மாந்துறையில வேளாண்மை விளைஞ்சு நிற்க, வெட்டு மெசினுக்கு டீசல் இல்ல. அந்த நேரம் எதையும் நம்பத்தான் மனசு சொல்லும்.

கதை முழுப்பொய்யும் இல்லை. 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் துளையிட்டுப் பார்த்தார்கள். 2011இல் கெயார்ன் நிறுவனம் மன்னார்க் கடலில் டொராடோ, பராகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. பிறகு விட்டுப் போய்விட்டது. நம்மட வட்டைகளுக்குக் கீழே தேடிப் பிரயோசனமில்லை. அங்கே இருப்பது பழைய கருங்கற்பாறை. எண்ணெய்க்குப் படிவுப் பாறை வேணும். பாக்கு நீரிணைக்கு அங்கால, காவிரி டெல்டாவில் அது இருக்கு.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் வருஷா வருஷம் கொடியேறுவது நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில். அதனால் நாகூர் நமக்குப் பழக்கமான பேர். ஆனா அதுக்குப் பக்கத்தில நரிமணம் என்று ஒரு எண்ணெய்க் கிராமம் இருப்பது, சியாரத்துக்குப் போன இடத்திலதான் எனக்குத் தெரிய வந்தது.

படத்தில பார்க்கிற பாலைவனத்தை நினைச்சுக்கொண்டு போனேன். பார்த்தா நம்மட மல்வத்தைப் பக்கம் மாதிரியே வயல். நடுவில மண் நிரப்பி உயர்த்திய ஒரு சதுரம், சுற்றிவர வேலி, உள்ளே ஆள் உயரத்துக்கு வால்வுகள். அதுதான் எண்ணெய்க் கிணறு. குழாய் மட்டும் வயலுக்கு அடியால ஓடுது.

இந்திய அரசின் ஓ.என்.ஜி.சி. 1960களில் இந்தப் பகுதியில் துளையிடத் தொடங்கி, 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கண்டது. 1993இல் பக்கத்துப் பனங்குடியில் வருஷத்துக்கு 5 இலட்சம் தொன் சுத்திகரிக்கும் ஆலை வந்தது. டெல்டாவின் எரிவாயு குத்தாலம், திருமாக்கோட்டை மின்நிலையங்களுக்குப் போனது. இதெல்லாம் சின்ன விஷயமில்லை. அந்த ஆலையால் ஊருக்கு ஒண்டும் கிடைக்கல்ல என்று சொல்ல நான் வரவும் இல்லை.

எனக்கு உறுத்தினது வேற. மண்ணுக்குக் கீழே இருப்பது அரசாங்கத்துக்குச் சொந்தம். அங்கேயும் அப்படித்தான், இலங்கைச் சட்டமும் அதைத்தான் சொல்லுது. மேலே காணி வச்சிருக்கிறவருக்குக் குத்தகைக் காசாவது வரும். அந்தக் காணியில நாற்று நட்டு, அறுத்துப் பிழைச்ச கூலிக்காரருக்கு? அவர்ட பேர் எந்த உறுதியிலும் இல்லையே. நம்மட ஊரில போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் இடையில இருக்கிற அதே கணக்கு. ஊர் பணக்கார ஊராகும் என்று சொல்லும்போது, ஊர் என்டா ஆர் என்று கேட்கத்தான் வேணும்.

2017 ஜூன் 30இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் தீப்பிடித்தது. போராடிய சனங்களைப் பொலிஸ் அடித்தது, கைது செய்தது. அதே வருஷம் புதுக்கோட்டை நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 2020இல் தமிழ்நாட்டு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை. பழைய கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. அடுத்த வருஷமே பனங்குடியில் 90 இலட்சம் தொன் ஆலைக்கு அடிக்கல் நட்டார்கள். ஒரு கையால மூடி மறு கையால திறக்கிற வேலை இது.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. 2016இல் பிரான்ஸின் டோட்டல் நிறுவனம் கிழக்குக் கரைக்கு அப்பால் கடலை ஆராய இலங்கையோடு ஒப்பந்தம் செய்தது. சாய்ந்தமருது, கல்முனை தோணிக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பாங்க.

நரிமணத்துத் தேத்தண்ணிக் கடையில வயசான ஒருத்தர் பேச்சுக் கொடுத்தார். சிலோன் என்றதும், "உங்க ஊர்ல என்ன தம்பி விளையுது?" என்றார். நெல் என்றேன். "தண்ணி எங்கேருந்து?" இங்கினியாகலை அணை, கல்லோயாத் திட்டம் எல்லாம் சொன்னேன். தலையாட்டினார். "எங்களுக்கு மேட்டூர். இந்த வருஷம் உங்களுக்குத் திறந்துட்டாங்களா?"