புத்தகம் வேண்டாமடி

பினே பிராக், இஸ்ரேல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனில் சொன்னால் நடுவில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பையன் பொய் சொல்லப் பழகிவிட்டான், நல்ல புத்தி சொல்கிற கதைப் புத்தகம் ஏதாவது அனுப்பு என்றாயே, புத்தகம் வேண்டாமடி.

இங்கே நான் பார்த்துக்கொள்கிற யூதத் தாத்தா பெரிய படிப்பாளி. கண் மங்கிவிட்டது, ஆனாலும் யூதர்களின் பழைய வேத விளக்க நூலான தல்மூத் நாக்கு நுனியில் நிற்கிறது. போன வாரம் அவர் பேத்தி தன் பையனுக்குப் பந்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வந்து நின்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். தாத்தா விடவில்லை. பிள்ளைக்கு ஒன்று தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் இருக்கக் கூடாது, அது அவனுக்குப் பொய் பேசப் பழக்குவது என்று ரப்பி ஸேரா என்ற பழைய குரு சொல்லியிருக்கிறாராம். எரேமியாவின் வசனம் ஒன்றையும் அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறாராம். அவள் மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். பரீட்சை முடிந்ததும் சைக்கிள் என்று நீ சொன்னது என்ன ஆச்சு? வாங்கிக் கொடு. முடியாதென்றால் அதையாவது அவனிடம் நேராகச் சொல்.

சந்தையில் பிள்ளை பேசுவது ஒன்று அப்பன் பேச்சு, இல்லை அம்மா பேச்சு என்றும் அதே தல்மூதில் உண்டு. அபாயே என்ற குரு அதை ஊர்ப் பழமொழியாக எடுத்துச் சொல்கிறாராம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் இந்த வீட்டைப் பார்க்க வேண்டும். சப்பாத் என்கிற ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் சனி இரவு வரை காசைத் தொடமாட்டார்கள். அதனால் விளக்கேற்றுவதற்கு முன்பே பேத்தி தர்ம உண்டியலில் காசு போடுவாள். மூன்று வயதுக் குட்டியும் ஓடி வந்து ஒரு காசு போடும். தர்மம் செய் என்று யாரும் அதற்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதேபோலத்தான் ஆபிரகாம் கதையும். அது நமக்கு சண்டே ஸ்கூலிலேயே பாடம். மம்ரேயில் உச்சி வெயிலில் மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். ஆபிரகாம் ஓடிப்போய் அழைக்கிறார், மந்தைக்கு ஓடி ஒரு கன்றைப் பிடித்துச் சமைக்கக் கொடுக்கிறார். கன்றை வாங்கிக்கொண்டவன் யார் என்று நாம் யோசித்ததே இல்லை. அது அவர் மகன் இஸ்மவேல், தர்ம காரியத்தில் பழக்குவதற்காகவே அவன் கையில் கொடுத்தார் என்று பிரான்சில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷி எழுதியிருக்கிறார். தாத்தா இதைச் சொன்ன அன்று ராத்திரி ஆதியாகமத்தை எடுத்துப் பார்த்தேன். முந்தின அதிகாரத்தில்தான் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே நாளில் விருத்தசேதனம் நடக்கிறது. அப்பனுக்கு 99 வயது, மகனுக்கு 13. விருந்தாளிகள் வந்தது அதற்கு மூன்றாம் நாள் என்பது இவர்கள் பாரம்பரியம். சிறைப்பட்ட சகோதரன் மகன் லோத்தை மீட்கப் போனபோது வீட்டில் பிறந்த 318 ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன மனுஷன் அவர். ஒரு குரல் கொடுத்தால் போதாதா? ரணம் ஆறாத கிழவர் தானே ஓடுகிறார், பையன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். முன்பின் தெரியாதவர்களுக்குச் சோறு போடுவதைப் பற்றி அதற்குமேல் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்க இருக்கிறது?

அதற்காக இந்த வீட்டில் எல்லோரும் உத்தமர்கள் என்று நினைக்காதே. சப்பாத் மேசையில் ஆண்கள் பாட்டும் வேத விளக்கமுமாக உட்கார்ந்திருப்பார்கள். தட்டு எடுப்பதும் பரிமாறுவதும் பெண்கள்தான். எட்டு வயதுப் பையன் தண்ணீர் வேண்டுமென்றால் திரும்பிக்கூடப் பார்க்காமல் அக்காவை நோக்கிக் கையை நீட்டுகிறான். அதையும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தாத்தாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள்? அதையும் எழுது. சம்பளம் வந்ததும் பணம் அனுப்புகிறேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரையை முதலில் வாங்கிவிடு.

அன்புடன்,
அக்கா